மெய்க்கு அரை மாத்திரை

ஒழுங்காக ஓடும் லிஃப்டைப் பற்றி யாரும் போன் செய்வதில்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் அலுவலகத்தில் நான்கு வருடமாகப் புகார் எடுக்கிறவன் நான். "உங்க லிஃப்ட் இன்னிக்கு ரொம்ப நல்லா ஏறுச்சு, இறங்குச்சு" என்று இதுவரை ஒரு குரல்கூடச் சொன்னதில்லை. எங்கள் மூத்த மெக்கானிக் இதை இப்படிச் சொல்வார்: "கெட்டுப்போனா நம்ம மாமன், மச்சான். சரியாயிட்டா யாருய்யா நீன்னு கேப்பான்." அவர் அதை நகைச்சுவையாகச் சொன்னார். நான் நோட்டில் எழுதிவைத்தேன். அந்த நோட்டு இப்போது உங்கள் மேசைமேல் இருக்கிறது.

நடந்ததை வரிசையாக எழுதச் சொன்னீர்கள். வரிசையாகத்தான் எனக்கும் எழுத வரும். எழுதியது சரிதானா என்று மூன்று முறை திரும்பிப் பார்ப்பேன். அது என் பழக்கம், பயம் அல்ல.

அலுவலகம் முடிந்து மாலை வகுப்பில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். தனியாகச் செய்து பழகுவதைவிடக் கூட்டாகச் செய்தால் சீக்கிரம் கைவரும் என்று ஆசிரியை சொன்னார். ஓய்வு நேரத்தில் ஏதாவது உருவாக்க ஆள் தேடுகிறவர்களுக்கென்றே இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. "மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி. துணை தேவை. பொறுமை இருந்தால் போதும்" என்று போட்டேன்.

முதலில் வந்தவர் ஒரே நாளில் இருபது செய்தி அனுப்பினார். ஒன்பதாம் நாள் காணாமல்போனார். ஆரம்ப சூரத்தனம். அடுத்தவர் ஒரு வரிகூட எழுதவில்லை. பொத்தான் நீலமா ஊதாவா என்பதிலேயே ஒரு மாதத்தை ஓட்டினார். மூன்றாமவர் நன்றாக எழுதினார். ஒரு நாள் "இதோ வந்துடறேன்" என்று போனார். அந்த 'இதோ' இன்னும் முடியவில்லை. என்னிடம் என்ன குறை என்று மூன்று பக்கம் எழுதிப் பார்த்தேன். குறை ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் குறை என்று பிறகு புரிந்தது.

நான்காவதாக வந்தவள் தன் பெயரை 'நத்தை' என்று வைத்திருந்தாள். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. கால் பக்கம் படிக்க அரை மணி நேரம் எடுத்துக்கொள்வாள். ஆனால் படித்து முடித்த பக்கத்தில் ஒரு புள்ளி பிசகியிருக்காது. அவளுடைய அப்பா இதய நோயாளி. ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை. வாரத்தில் மூன்று நாள் முழுசு, நான்கு நாள் அரை. அவர் அடிக்கடி நாளை மாற்றிப் போட்டுவிடுவார். அதனால்தான் என் அறிவிப்பு அவள் கண்ணில் பட்டது.

"எங்க வேலையிலயும் மாத்திரை உண்டு பார்ட்னர்," என்றாள் முதல் பேச்சிலேயே. "குறிலுக்கு ஒண்ணு, நெடிலுக்கு ரெண்டு, மெய்க்கு அரை. எங்கப்பாவோட மெய்க்கும் பாதி நாள் அரைதான்."

அன்று நான் சத்தம்போட்டுச் சிரித்தேன். இதையும் நோட்டில் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் திரையில் பேசுவோம். அவளுக்குப் பின்னால் சாய்வு நாற்காலியில் அப்பா இருப்பார். எப்போதும் அதே பச்சைக் கட்டம்போட்ட சட்டை. "என்ன மணிக்காரரே, இன்னிக்காவது உங்க மணி ஒரு தடவ அடிக்குமா, இல்ல என்னை எழுப்பியே கொல்லுமா?" என்பார். "அப்பா, சும்மா இருங்க. அவர் கோவிச்சுட்டுப் போயிட்டா நீங்கதான் புரோகிராம் எழுதணும்" என்பாள் அவள். இதைக் காதல் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். காதலித்தால் சொல்லியிருப்பேன். அந்த ஒரு மணி நேரத்தில் நான் தேவைப்பட்டேன். அவ்வளவுதான்.

மூன்றாம் மாதம் செயலி சரியாக ஓடத் தொடங்கியது. அவள் பேசுவது இருபது நிமிடமாகச் சுருங்கியது. நான் சிறு பிழைகளை வைக்க ஆரம்பித்தேன். எழுத்து ஓரத்தில் வெட்டுப்படும். மணி இரண்டு முறை அடிக்கும். அவள் கண்டுபிடிப்பாள், கூப்பிடுவாள், சேர்ந்து சரிசெய்வோம். பிழை திருத்துகிறவளுக்குப் பிழை கொடுப்பதில் என்ன தப்பு? பசித்தவருக்குச் சோறு போடுவதைப் போலத்தான் அது. யாருக்கும் ஒரு கீறலும் விழவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு சொன்னாள்: "முடிச்சுட்டோம்ல பார்ட்னர்? இனி இது தானா ஓடும். எனக்குப் பாடப்புத்தக வேலை தலைக்குமேல இருக்கு. அது முடிஞ்சதும் வேற ஒரு குழுவுல சேரலாம்னு பாக்கறேன். நீயும் புதுசா யாரையாச்சும் தேடு."

புதிதாக யாரையாவது. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் மாலை வகுப்பு முடிந்ததும் அந்த மாற்றத்தைச் செய்தேன். 'அரை' என்று காட்டவேண்டிய நாட்களிலும் 'ஒன்று' என்று காட்டும். நிரலில் யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்பது பெயரோடு பதிவாகும். ஒரு முறை அவள் கணினி படுத்துவிட்டபோது தன் கடவுச்சொல்லை எனக்குக் கொடுத்திருந்தாள். அவள் பெயரிலேயே நுழைந்து செய்தேன். பழியைப் போடுவதற்காக அல்ல. தவறு என் பெயரில் இருந்தால் என்னைக் கேள்வி கேட்பாள். அவள் பெயரில் இருந்தால் என்னிடம் உதவி கேட்பாள். இந்த வேறுபாடு உங்களுக்குப் புரியும் என்று நம்புகிறேன்.

ஒவ்வொரு மாற்றத்தோடும் ஒரு வரிக் குறிப்பு எழுதவேண்டும். அவள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவாள். நானும் அப்படியே "மாத்திரை அளவு சரிபார்த்தேன்" என்று எழுதினேன்.

அடுத்த நாளே கண்டுபிடித்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கண்ணை நம்பினேன். என்னைவிட யார் அவளை நம்பியிருப்பார்கள்? முதல் நாள், அழைப்பு இல்லை. இரண்டாம் நாள், அழைப்பு இல்லை. ஞாயிறு வந்தது, பாடப்புத்தகம் என்றாள். பதினோராம் நாள் காலையில் அவர் குளியலறைக் கதவில் தலையை லேசாக இடித்துக்கொண்டார். மற்றவர்களுக்கு வீங்கி அடங்கியிருக்கும். அவருக்கு உள்ளே ரத்தம் நிற்கவில்லை. மாலைக்குள் முடிந்துவிட்டது.

ரத்தம் ஏன் அவ்வளவு நீர்த்திருந்தது என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். அவள் செயலியைத் திறந்து பார்த்தாள். நிரலைப் பார்த்தாள். அந்த வரிக்குப் பக்கத்தில் தன் பெயரைப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"நான்தான் பார்ட்னர். வேலை அவசரத்துல என்னத்தையோ மாத்திருக்கேன். மாத்தினதுகூட ஞாபகம் இல்ல. எங்கப்பாவ நானே..."

அதன்பிறகு ஐந்து வாரம் அவள் ஒரு நாள்கூட விடாமல் கூப்பிட்டாள். பிழை எல்லோருக்கும் வரும் என்றேன். உன்னை நீயே தண்டித்துக்கொள்ளாதே என்றேன். சாப்பிட வைத்தேன், தூங்க வைத்தேன். அவள் உறவுக்காரர்கள் எல்லாம் வந்துவிட்டுப் போனார்கள். இருந்தவன் நான் ஒருவன்தான். இதை மட்டும் யாரும் மறுக்கமுடியாது.

ஆறாவது வாரம் வேலைக்குத் திரும்பினாள். பழக்கதோஷம், அந்த ஒரு வரிக் குறிப்பையும் பிழைதிருத்தக் கண்ணால் படித்திருக்கிறாள். அன்று மாலை கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல் கேட்டாள்:

"பார்ட்னர், மாத்திரைன்னு இங்கிலீஷ் எழுத்துல எழுதினா, 'மா'வுக்கு எத்தனை 'ஏ' போடுவே?"

"ஒண்ணு," என்றேன். யோசிக்கவே இல்லை.

"மா நெடில். ரெண்டு மாத்திரை. நான் என்னிக்குமே ரெண்டு 'ஏ'தான் போடுவேன்."

அதோடு வைத்துவிட்டாள். மறுநாள் நீங்கள் வந்தீர்கள்.

வருத்தம் உண்டா என்று இரண்டு முறை கேட்டீர்கள். எதற்கு வருத்தப்பட வேண்டும்? ஒருவரை வேலைக்குக் கூப்பிட்டுப் பழக்கப்படுத்திவிட்டு, முடிந்ததும் கையைத் தட்டிக்கொண்டு போகிறவர்களை யாரும் விசாரிப்பதில்லை. போகாமல் இருந்தவனை உட்காரவைத்துக் காகிதம் கொடுத்திருக்கிறீர்கள்.

நோட்டில் ஆறாம் நாளுக்கு எதிரே "அழைப்பு வந்தது. அவள் இல்லை" என்று இருப்பதற்கு விளக்கம் கேட்டீர்கள். கூப்பிட்டவர் அப்பா.

"மணிக்காரரே, இப்பல்லாம் அரையே வரமாட்டேங்குதே. டாக்டர் மாத்திட்டாரா?"

"உங்க மகள்கிட்ட கேளுங்க ஐயா," என்றேன். கேட்டால் அவள் பார்ப்பாள், பார்த்தால் கூப்பிடுவாள்.

"அவ வேலையா இருக்கா, பாவம். நீங்க சொன்னா சரி. ஒண்ணே போட்டுக்கட்டுமா?"

அழைப்பு வந்த நேரத்தை நோட்டில் குறித்துக்கொண்டேன். பிறகு, "செயலி சொல்றபடி செய்யுங்க ஐயா" என்றேன். அவர் நன்றி சொன்னார்.

மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டேன். எல்லாம் உண்மை, ஒன்றைத் தவிர. அவருடைய சட்டை பச்சை அல்ல. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். இந்தத் தாளை அவளிடம் படிக்கக் கொடுங்கள். பிழையைப் பார்த்துவிட்டு அவளால் சும்மா இருக்கமுடியாது. இந்த ஸ்டேஷன் போன் நம்பரையும் கீழே எழுதியிருக்கிறேன்.