ஆறாவது கூடைக்குப் பத்துப் புள்ளி

காட்டுக்குள் தட்டெறியும் பாதை போடுகிறவர்கள் மரத்தை வெட்டக்கூடாது. வெட்டவெளியில் தட்டை வீசிவிட்டு நடந்துபோய் எடுப்பதில் யோசிக்க ஒன்றும் இல்லை. கிளை எங்கே தாழ்ந்திருக்கிறது, காற்று எந்தப் பக்கம் வருகிறது, தட்டு எங்கே சரியும் என்று பார்க்கவேண்டி வந்தால்தான் அது ஆட்டம்.

எங்கள் பாதை கரடியனாற்றுக்கு மேற்கே ஒரு காட்டுத்துண்டில் இருந்தது. சண்டை முடிந்து நாங்கள் முகாமிலிருந்து திரும்பிய பிறகு, பிள்ளைகளுக்கு விளையாட்டு வேண்டும் என்று ஒரு தொண்டு நிறுவனம் அதை அமைத்தது. இரும்புக் கம்பத்தில் சைக்கிள் றிம்மைப் பொருத்தி, அதில் சங்கிலிகளைத் தொங்கவிட்டு, கீழே கூடை வைத்திருந்தார்கள். அப்படி ஒன்பது கூடைகள். தட்டு சங்கிலியில் பட்டுக் கூடைக்குள் விழவேண்டும். விழாவிட்டால், தட்டு கிடக்கும் இடத்துக்குப் போய் அங்கே நின்றுதான் அடுத்த எறி. குறைந்த எறிகளில் முடிப்பவர் வெல்வார்.

கடல் ஊருக்குள் வந்த வருஷம் நான் ஏழாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். நாவலடியில் அம்மாவும் வீடும் போன பிறகு மாமி வீட்டுக்கு வந்தேன். புதுப் பள்ளிக்கூடத்தில் எழுப்பிக் கேள்வி கேட்டால் எனக்குக் குரல் வராது. ஒன்பதாம் ஆண்டோடு நின்றுவிட்டேன். ஆனால் எழுதுவேன். புளியந்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற நிறுவனப் பொறுப்பாளர் திவாகரன் அண்ணன் அதைக் கண்டுபிடித்து, தடித்த சி.ஆர். கொப்பி ஒன்றைத் தந்தார்.

"வாயால சொல்லமாட்டாய் எண்டா எழுது புள்ள. ஒவ்வொரு கூடைக்கும் பத்துக்கு எத்தினை எண்டு போடு. ஏன் எண்டும் எழுது."

அன்று முதல் நான் பாதையின் மதிப்பீட்டாளர். அதற்கு முன் எவரும் என்னிடம் ஒன்றைப் பற்றியும் ஏன் என்று கேட்டதில்லை.

எறிவதற்குச் சுலோஜனா வருவாள். அடுத்த வளவுக்காரி, பதினேழு வயது, எங்களில் நன்றாக எறிபவள். கடையில் எனக்காகப் பேசுவதும் அவள்தான். "இவளுக்கு ரெண்டு முட்டை குடுங்க. கேக்க வெக்கமாம். இவள்ற கலியாணத்திலயும் நான்தான் ஓம் எண்டு சொல்லணும் போல." கடையில் நின்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு அவள் மேல் எந்தக் கோபமும் இருந்ததில்லை. இதைத் தெளிவாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

மூன்றாவது கூடைக்கு ஒன்பது போட்டேன். நாவல் மரத்தைச் சுற்றித் தட்டு வளைந்து போகவேண்டும். எட்டாவதற்கும் ஒன்பது. ஆறாவதற்கு இரண்டு. காவலரண் கட்டுவதற்காக முன்பு மரங்களை வெட்டிய இடம் அது. கண்ணை மூடிக்கொண்டும் எறியலாம்.

ஆனால் அதன் இடப்பக்கத்தில், தலையில் சிவப்புப் பூசிய கட்டைகளுக்கு அப்பால், இரண்டு வீரை மரங்கள் வாசல் நிலைபோல் நின்றன. அந்த மரங்களுக்கு நடுவால் எறிந்தால் தட்டு உள்ளே போய் இடப்பக்கம் சரிந்து இறங்கும்; அங்கே நின்று அடுத்த எறி கூடைக்கு. நல்ல கைக்கு இரண்டு எறி, மற்றவர்களுக்கு நாலு. அதைவிட அழகான எறி அந்தக் காட்டில் இல்லை.

அந்தப் பகுதியில் மட்டும் மிதிவெடி எடுத்து முடியவில்லை. வெடி எடுப்பவர்கள் மாரி தொடங்க வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். திரும்பி வரும்வரை அவர்களின் சிவப்புக் கட்டைகளையே ஆட்டத்தின் எல்லையாகவும் வைத்துக்கொண்டோம். தட்டு அதைத் தாண்டினால் தட்டை விட்டுவிட்டு ஒரு எறி கூட்டவேண்டும்.

தை மாதம் திவாகரன் அண்ணன் முகம் வாடி வந்தார். "பாசிக்குடாவில ஹோட்டல் கட்டுறாங்க. கூடையள அங்க கொண்டுபோனா வெளிநாட்டு ஆக்கள் விளையாடுவாங்க எண்டு கொழும்பில பறையிறாங்க. மாசியில ஒரு மிஸ் வந்து பாத்துப் புள்ளி போடுவா. தொண்ணூறுக்கு எழுபது வந்தா இஞ்சயே இருக்கும்."

என் கொப்பியில் மொத்தம் அறுபத்துநாலு. நான் கூட்டிப் போடுகிறவள் அல்ல, குறைத்துப் போடுகிறவளும் அல்ல. கூடைகள் போனால் எனக்கு மாமியின் குசினி மிஞ்சும். ஆறாவதற்குப் பத்து வந்தால் எழுபத்திரண்டு.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. திரும்பிவந்த காலத்தில் சந்தேகமான காணிக்குள் முதலில் மாட்டைத்தான் விடுவார்கள். மூன்று நாள் மேய்ந்தும் ஒன்றும் ஆகவில்லை என்றால் நாலாம் நாள் மனிதர் போவார்கள். அப்படித்தான் பாதி ஊர் வயலில் இறங்கியது. ஆகவே நான் செய்தது புதிய விஷயம் அல்ல. ஏழு கட்டைகளைப் பிடுங்கிப் புல்லுக்குள் கிடத்தினேன். சாமித்தம்பி மாமாவின் மாட்டுப்பட்டி அந்தப் பக்கமாக வரும்போது கம்பால் தட்டித் திருப்பிவிட்டேன். இருபத்திரண்டு மாடுகள். மூன்று நாளும் மேய்ந்து, வயிறு நிறைந்து திரும்பின.

நாலாம் நாள் காலையில் சுலோஜனாவைக் கூட்டிப்போனேன். கட்டைகள் இல்லாததைப் பார்த்து அவள் நின்றாள்.

"என்னகா, சிவப்பெல்லாம் எங்க?"

"அவங்க வந்து பாத்துக் கழட்டிட்டுப் போயிட்டாங்க. செவ்வாய்க்கிழமை."

"உனக்கு ஆர் சொன்னது?"

"நான் பாத்தன்."

அதுவரை நான் அவளிடம் பொய் சொன்னதில்லை. நான் வாய் திறப்பதே அருமை என்பதால், திறந்தால் நம்புவாள்.

"ஆ, எங்கட கொப்பி மிஸ் இண்டைக்கு நாலு வசனம் பறைஞ்சிட்டா. மழைதான் வரும்," என்றாள். "சரி, நீ முதல் எறி."

"எனக்கு எழுதக் கிடக்கு. நீ எறி."

எறிந்தாள். தட்டு இரண்டு வீரைகளுக்கும் நடுவால் போய், நான் கணக்குப் போட்டபடியே இடப்பக்கம் சரிந்து இறங்கியது. அவள் கையைத் தட்டிக்கொண்டு அதன் பின்னால் போனாள். நான் எண்ணினேன். பத்தொன்பது அடி.

சத்தம் நான் நினைத்ததைவிடச் சிறியதாக இருந்தது.

ஏழு கட்டைகளையும் அவற்றின் பழைய துளைகளிலேயே வைத்தேன். மூன்றாவது இறுகவில்லை; கல்லால் தட்டவேண்டியிருந்தது. அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கட்டைகளை வைத்து முடித்த பிறகு ஓடிப்போய் ஆட்களைக் கூப்பிட்டேன். அன்று எனக்குக் குரல் வந்தது. உழவு இயந்திரத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் அவள் முடிந்துபோனாள்.

தட்டை எடுக்கச் சிவப்பைத் தாண்டினாள் என்று விசாரணையில் எழுதினார்கள். நான் தலையை ஆட்டினேன். நான் பேசாதவள் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. எட்டாம் நாள், எட்டுச் செலவு அன்று, அவளுடைய அம்மா அன்னப்பூரணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"தாண்டினா ஒரு எறிதானே கூடும் எண்டு நினைச்சிருப்பாள், விசரி. உன்ர கண்ணுக்கு முன்னால இதச் செய்துபோட்டாளே. நீ பயந்துபோனாய் புள்ள. அவள மன்னிச்சுக்க."

மன்னிப்பதற்கு ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அது உண்மை.

மரணம் நடந்ததால் வெடி எடுப்பவர்கள் அதே மாதம் திரும்பி வந்தார்கள். வீரை மரங்களுக்குப் பின்னால் இன்னும் மூன்று எடுத்தார்கள். இப்போது அந்த இடம் துப்புரவாக இருக்கிறது. கொழும்பு மிஸ் பங்குனியில்தான் வந்தார். வீரைகளுக்கு நடுவால் போகும் புதிய ஆறாவது பாதையில் தானே இரண்டு முறை எறிந்து பார்த்து, இதை வரைந்தது யார் என்று கேட்டார். திவாகரன் அண்ணன் என்னைக் காட்டினார். எழுபத்தொன்று வந்தது. கூடைகள் இங்கேயே நிற்கின்றன. பிள்ளைகள் மாலையில் வருகிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஊருக்கு நல்லதுதான் நடந்திருக்கிறது. சுலோஜனா இருந்திருந்தால் அவளும் ஓம் என்பாள் என்று நினைக்கிறேன்.

நான் மாடுகளை நம்பினேன் என்பதுபோல் மேலே எழுதியிருக்கிறேன். ஊரே நம்பியது, நானும் நம்பினேன். ஆனால் இந்தக் கொப்பிக்கு முந்திய கொப்பியில் கார்த்திகை மாதப் பக்கம் ஒன்று உண்டு. வெடி எடுப்பவர்கள் பாலர் பாடசாலையில் நடத்திய வகுப்பை அன்று ஒரு சொல்லும் விடாமல் எழுதியிருக்கிறேன். மாடு வெடிக்கு நடுவால் கால் வைத்துப் போகலாம், மாடு போன காணி துப்புரவான காணி அல்ல என்று அவர்கள் சொன்னதன் கீழ் இரண்டு கோடு இழுத்திருக்கிறேன். அந்த வகுப்புக்குச் சுலோஜனா வரவில்லை. அவளுக்கு அன்று காய்ச்சல்.

மாடுகள் மேய்ந்த மூன்று நாளும், அவள் எறிந்த நாலாம் நாளும், நான் அந்த ஏழு துளைகளுக்கு அப்பால் ஒரு அடி கூட வைக்கவில்லை.