முதலாளி வீட்டு பூடில்

வாலாஜாபாத் பஸ் காஞ்சிபுரத்தை விட்டுக் கிளம்பியதுமே முன் சீட்டு நெசவாளி தன் சிநேகிதரிடம் கேட்டார்.

"நாய்க்கு யாராவது சவரம் பண்ணுவாங்களாபா?"

என் பக்கத்தில், மடியில் பட்டுச்சேலைப் பொட்டலத்தோடு இருந்த அம்மாள்கூட நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்த நாய்க்கு?"

"எங்க முதலாளி மெட்ராஸ்லேர்ந்து ஒண்ணு கொண்டாந்துகீறாரு. பூடில்னு சாதியாம். ஒடம்பு பூரா சுருட்டை முடி, பளபளன்னு. போன வாரம் போறேன், மொட்டையா நிக்குது! கால்ல மட்டும் குஞ்சம்."

"சொறி வந்திருக்கும்."

"கேட்டேனே. அந்தச் சாதிக்கு அதான் அழகுன்னு சிரிக்கிறாரு. வெட்டின முடி எங்கன்னா, பேச்சை மாத்துறாரு."

"முடி உனக்கு எதுக்குபா?"

நெசவாளியின் குரல் தணிந்தது. நானும் கொஞ்சம் முன்னால் சாய்ந்துகொண்டேன்.

"அன்னிக்கு அவரு நெய்யக் குடுத்த பட்டு நூலு, குறுக்கால ஓட்டுற ஊடை, எப்பவும் போல இல்ல. சொரசொரன்னு இருக்குது. கல்யாணச் சேலைபா. நாளைக்கு இழை வுட்டுப்போச்சுன்னா நெய்தவன் பேருதான கெடும்?"

"கொளுத்திப் பாத்தியா?"

"பாத்தேன். முடி கருகுற நாத்தம்தான் வந்துச்சு."

"அப்போ சுத்தப் பட்டு. பட்டு கருகினா அப்படித்தான நாறும்? பயமில்லாம நெய்யி."

"ஏம்பா, நாய் முடி கருகினா மட்டும் மல்லிப்பூவாட்டம் மணக்குமா?"



என் பக்கத்து அம்மாள் பொட்டலத்தின் ஓரத்தைப் பிரித்து, யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிவிட்டு, மெல்லக் குனிந்து முகர்ந்தாள்.