ஓடை வத்தினது நல்லதுக்கில்ல

"ஹலோ... ஹலோ... கீழ யாரு? குரங்கணிதானே?... ஆமா, ஆமா, மேல் ஸ்டேஷன்ல இருந்துதான்... துரை இல்லண்ணே. நான் காசிமாயன்... அதே காசிமாயன்தான். நாடகக்காரன்... உசுரோடதான் இருக்கேன்."

காசிமாயன் டெலிபோன் குழலைக் காதோடு சேர்த்து அழுத்தியிருந்தான். வேட்டி முழுக்கச் செம்மண். முழங்காலில் இருந்து ரத்தம் வழிந்து மழைத்தண்ணீரோடு தரையில் சொட்டியது. தேயிலைப் பெட்டிகளைக் கம்பிக் கயிற்றில் தொங்கவிட்டு அடிவாரத்துக்கு இறக்குகிற இடம் அது. ஐப்பசி அடைமழையில் கயிறு ஓடவில்லை. காவல்காரன் கன்னையன் மட்டும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். அவனிடம் கெஞ்சிக் கூத்தாடி, டெலிபோன் பெட்டியின் கைப்பிடியைச் சுற்று சுற்றென்று சுற்றிய பிறகுதான் அடிவாரக் கொட்டகைக் கணக்கப்பிள்ளை மொக்கச்சாமி எடுத்தார்.

"அண்ணே, சொல்றதக் கேளுங்க. ஏலத்தோட்டத்துக்குப் போற சனம் ஓடையோரம் தங்கியிருக்குல்ல?... பிள்ளைகுட்டியோடயா?... அவுகள வெரசா மேட்டுக்கு ஏத்துங்க. மேல மலை சரிஞ்சு ஓடைய அடச்சுருச்சு. தண்ணி கம்மா மாதிரி நிக்குது... நானே கண்ணால பாத்தேன்... என்னது?... பாட்டா?... சிரிக்காதீங்கண்ணே."

மொக்கச்சாமியைக் குற்றம் சொல்ல முடியாது. போடியில் காசிமாயன் ராஜா வேடம் கட்டிய நாடகம் ஒன்றைக்கூட அவர் விட்டதில்லை. பங்குனிக்குப் பிறகு காணாமல் போன குரல் திடீரென்று கம்பி வழியே வந்ததும், அவருக்கு அந்தக் குரல்தான் காதில் விழுந்தது. அது சொன்ன சேதி விழவில்லை.

பயத்தில் காசிமாயனின் நாக்கு பழகிய தடத்துக்கே ஓடியது.

"கேளும் ஐயா, கெடுதி வருகுது. காலம் தாழ்த்தினால் கண்ணீரே மிஞ்சும்..."

குரல் தானாகவே ராகத்தில் ஏறுவது அவனுக்கே கேட்டது. சட்டென்று நிறுத்தினான்.

"சபாஷ் வேணாம்ணே... வேணாம்னா விடுங்க."

எதை உதற வேண்டும் என்று மலையெல்லாம் நடந்தானோ அது இன்னும் தொண்டையிலேயே உட்கார்ந்திருந்தது. பங்குனியில் அம்மை கண்டு அவனுடைய ஒரே மகன் ராமர் இறந்துபோனான். ஈமக் காரியம் முடிந்த கையோடு போடியில் நாடகம். செத்த மகனை மடியில் போட்டுக்கொண்டு ராஜா புலம்புகிற காட்சி. காசிமாயன் பாடினான், சனம் மூக்கைச் சிந்தியது. பாட்டு முடிந்ததும் பின்னாலிருந்து யாரோ ஒன்ஸ்மோர் கேட்டார்கள். கொட்டகை முழுவதும் அதையே கேட்டது. அவன் கிரீடத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினான். சிலமலையில் இருந்த வீட்டுக்கும் போகவில்லை, பெண்டாட்டியிடமும் சொல்லவில்லை. போடிமெட்டு ஏறி, தேவிகுளம், மறையூர் என்று மலையோடு மலையாகத் தனியே நடந்தான். பார்க்க ஆளில்லாத இடத்தில் மகனுக்காக ஒரு தரம் அழ வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. ஆனால் பாறைமேல் உட்கார்ந்து வாயைத் திறந்தால் மேடைப் புலம்பல்தான் வந்தது, தாளம் தப்பாமல். வாயை மூடிக்கொண்டு நடந்தான். தோட்டத்துக் கூலிகளின் லயங்களில் கஞ்சி கேட்பதற்குத் தவிர யாரிடமும் பேசவில்லை. ஐப்பசி பிறந்ததும் வீட்டு நினைப்பு வந்து, குரங்கணி வழியாக இறங்கத் தொடங்கினான். இன்று காலை ஒரு வளைவில் திரும்பினால் பாதையைக் காணோம். சரிந்த மலை ஓடையின் இடுக்கில் மரமும் பாறையுமாக அடைத்துக் கிடந்தது. அதன் பின்னால் செந்தண்ணீர், அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது. கீழே இறங்க வழியில்லாமல் வந்த வழியே மேலே ஓடிவந்தான்.

"என்னண்ணே சொல்றீங்க?... ஓடையில தண்ணி வத்திருச்சா?... எப்ப இருந்து?"

காசிமாயன் வாசல் வழியாக மழையைப் பார்த்தான்.

"அதனால பயமில்லங்கிறீகளா... அண்ணே, வெளிய எட்டிப் பாருங்க. மழை விட்டுருச்சா?... விடலேல்ல. கொட்டுற மழையில ஓடை எப்படிண்ணே வத்தும்? அந்தத் தண்ணி அம்புட்டும் எங்க போச்சு?... இங்க நிக்குதுண்ணே. உங்க தலைக்கு மேல நிக்குது... பொம்பளைக ஓடைக்குள்ளேயே அடுப்புக் கூட்டியிருக்காகளா?"

கம்பியில் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு மொக்கச்சாமி மெதுவாக ஏதோ கேட்டார்.

"ஆமா... ஆமாண்ணே. எந்நேரமும் ஒடையும்... போங்க. குழல வைக்காதீங்க, அப்படியே தொங்க விட்டுட்டு ஓடுங்க."

அவன் காத்திருந்தான். உள்ளே வா, காலைத் துடை என்று கன்னையன் கூப்பிட்டது காதில் ஏறவில்லை. மலைப்பக்கம் ஒரு காது, குழலில் ஒரு காது. வெகுநேரம் கழித்து மூச்சிரைப்பு கேட்டது.

"ஹலோ... ஏறிட்டாகளா?... கங்காணி மொதல்ல முடியாதுன்னாரா... சரி, சரி. இப்ப எல்லாரும் மேட்டுல... யாரு வரமாட்டேங்குறது?... தோட்டத்துக்குப் போற ஆளு இல்லையா?... எந்த ஊராம்?... சிலமலையா?"

காசிமாயன் குழலை இரண்டு கையாலும் பிடித்தான்.

"பேரு... சுருளியம்மாளா, அண்ணே?"

அவள்தான். புருஷன் குரங்கணிப் பாதையில் இறங்குகிறான் என்று சுமைக்காரன் ஒருவன் சொன்னதைக் கேட்டு அவள் வந்து காத்திருந்தாள். மேட்டுக்குப் போய்விட்டால் அவன் தன்னைப் பார்க்காமல் தாண்டிப் போய்விடுவான் என்று கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவ எம் பொண்டாட்டிண்ணே... நான் அந்த வழியா வரலேன்னு சொல்லுங்க. பாதையே இல்ல. போடிமெட்டுச் சுத்தி வர்றேன்... அதச் சொல்லியாச்சா?... நம்பலையா... நம்பமாட்டா. யாரு நம்புவா? அவள எப்படியாவது தூக்கிட்டு... கடிக்க வர்றாளா."

அவன் நெற்றியைப் பெட்டியின்மேல் முட்டிக்கொண்டான். என்ன சொன்னால் எழுந்திருப்பாள்? மனப்பாடமாக ஆயிரம் வசனம் இருந்தது. ஒன்றும் அவளுக்கானதில்லை.

"அண்ணே... எங்க பயலுக்கு ஊருக்கு ஒரு பேரு, வீட்டுக்குள்ள ஒரு பேரு. நாங்க ரெண்டு பேரு மட்டும்தான் கூப்புடுவோம்... தட்டான்னு. தட்டான்பூச்சி மாதிரி ஒரு எடத்துல நிக்கமாட்டான், அதனால... தட்டானோட அப்பன் சொன்னான்னு..."

அதற்குமேல் முடியவில்லை. மகன் போன பிறகு அந்தப் பேரை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அதில் ராகம் இல்லை, அழகும் இல்லை. விக்கிக்கொண்டு, மூச்சு முட்டி, எச்சில் ஒழுக அழுதான். கன்னையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"போங்கண்ணே... நிக்காதீங்க... நான் சரியாயிருவேன். போங்க."

மறுபடி இரைச்சல். மறுபடி மூச்சிரைப்பு.

"ஹலோ... எந்திரிச்சாளா?... மேட்டுக்கே போயிட்டாளா? நீங்க பாத்தீகளா?... ஆத்தா தாயே... அண்ணே, உங்க கால்ல விழுகணும்... ஆமா, ஆமா... இருங்க. நீங்க இப்ப எங்க நின்னு பேசுறீக?"

அடிவாரக் கொட்டகையும் அதே ஓடைக்கரையில்தான் இருந்தது.

"அப்ப நீங்க ஏன் ஏறல?... டெலிபோன விட்டுட்டுப் போனா துரை கேப்பாரா? துரைகிட்ட நான் சொல்லிக்கிறேன். கெளம்புங்க... என்னது? அவ எறங்கி வர்றாளா? எதுக்கு?... எங்கூடப் பேசவா?... வேணாம்ணே. அவள வரவிடாதீங்க. கை காட்டுங்க, கல்லக் கொண்டாவது எறிங்க..."

அப்போது மலைக்குள்ளிருந்து வண்டி வண்டியாகக் கல் கொட்டுவது போன்ற சத்தம் வந்தது. கன்னையன் சாக்கை எறிந்துவிட்டு வெளியே ஓடினான்.

இந்தக் கம்பியில் தன் குரல் இருக்கிற வரைக்கும் மொக்கச்சாமி அங்கேயே நிற்பார், அவளும் அந்தக் குரலை நோக்கி இறங்கி வருவாள் என்பது காசிமாயனுக்குப் புரிந்தது. அவள் குரலைக் கேட்க வேண்டும் என்று உடம்பெல்லாம் பதறியது.

"ஒடஞ்சிருச்சுண்ணே. ஓடுங்க. அவளையும் இழுத்துக்கிட்டு ஓடுங்க. நான் வைக்கிறேன்."

குழலைக் கொக்கியில் மாட்டினான்.

உடனே மணி அடித்தது. கீழே இருந்துதான். அவன் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு நின்றான். மணி அடித்துக்கொண்டே இருந்து, பாதியில் நின்றது.

போடிமெட்டுச் சுற்றி அவன் குரங்கணி வந்துசேர்ந்தபோது ஓடைக்கரையில் கொட்டகைகள் இருந்த இடத்தில் வண்டல்தான் கிடந்தது. சனம் முழுவதும் மேட்டுக் காபித் தோட்டத்தில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தது. மொக்கச்சாமியும் இருந்தார், டெலிபோன் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி வீங்கிய வலது கையை மடியில் வைத்துக்கொண்டு. சுருளியம்மாள் எழுந்து வந்து அவன் முழங்கால் காயத்தைப் பார்த்தாள். அத்தனை மணி அடித்தும் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டாள்.

"எடுத்திருந்தா நீ எறங்கி வந்திருப்ப," என்றான்.