பதினான்காம் அட்டவணை

தண்ணீர் மாதிரி எடுக்கும் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலச வேண்டும். நான் ஒருநாளும் அதைத் தவறவிட்டதில்லை. ஆறுமுகசாமி ஐயா, ஆய்வின் இந்திய ஒருங்கிணைப்பாளராக நீங்களே ஒருமுறை எல்லார் முன்னாலும் அதைச் சொன்னீர்கள்.

இரண்டாம் தொகுதியின் பதினான்காம் அட்டவணை பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். சுதாராணியிடமும் கேட்டிருப்பீர்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

1997இல் வேதியியல் முடித்த கையோடு நாங்கள் இருவரும் அந்த ஐரோப்பியக் கூட்டு ஆய்வில் சேர்ந்தோம். கரிசல் கிணறுகளைப் பற்றிய பழைய ஆவணங்களை ஒரு குழு படித்தது. இன்றைய தண்ணீரை இன்னொரு குழு அளந்தது. நாங்கள் அளக்கும் குழு. சுதாராணியின் அப்பாவுக்குக் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. வெயிலில் கிணறு கிணறாக அலைந்தது நான். பெல்ஜியத்திலிருந்து வந்தவர்களிடம் பேசியது அவள். எனக்குப் பேச வராது.

முதல் தொகுதி அச்சாகி வந்ததும் நன்றியுரையில் என் பெயரைத் தேடினேன். 'இசக்கியப்பன்' என்று இருந்தது. சேரும்போது கொடுத்த படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது அது? அப்பா பெயரை எழுதினேன். அதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

"ஏட்டி ஆவுடை, ஒங்கப்பாவுக்குல்லா நன்றி சொல்லியிருக்காவ! பருத்திக்காட்டுல இருந்து அவியளக் கூப்பிட்டு ஒரு மாலை போட்டுருவமா?" என்றாள் சுதாராணி.

நானும் சிரித்தேன். அவள் இரண்டு கட்டத்திலும் தன் பெயரையே எழுதியிருந்தாள். அப்படி எழுதலாம் என்று என்னிடம் சொல்லவில்லை.

இரண்டாம் தொகுதியில் அவளுக்குத் தனிக் கட்டுரை என்று முடிவானது. நீங்கள் கேட்கும் அட்டவணை அதில் வருவதுதான். அதற்கும் மாதிரி எடுத்தது நான்தான்.

அந்தக் கட்டுரைக்கு எடுத்துக்கொண்ட ஊரில் இரண்டு கிணறு. ஊரை ஒட்டிய கீழக்கிணறு லேசாகக் கரிக்கும். ஆனால் கெடுதல் இல்லை. காட்டுக்குள் இருக்கும் மேலக்கிணறு இனிக்கும். அதில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு, இருக்கலாம் என்ற அளவைப் போல நான்கு மடங்கு. முதல் சுற்றிலேயே நான் அளந்து என் நோட்டில் எழுதியிருந்தேன். யாரும் அந்த நோட்டைக் கேட்கவில்லை.

பாட்டிலில் 'மே', 'கீ' என்று சீட்டு ஒட்டுவது என் வேலை. 2000 மார்ச்சில் மாற்றி ஒட்டினேன். மூன்று முறை அலசிவிட்டுத்தான். அச்சான பிறகு யாராவது மறுபடி அளப்பார்கள், அவள் பெயருக்குக் கீழே ஒரு பிழை இருக்கும், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

யாரும் அளக்கவில்லை. ஐரோப்பாவில் அச்சான அட்டவணை என்று பஞ்சாயத்தில் நகல் எடுத்து வைத்துக்கொண்டார்கள். மேலக்கிணற்றில் மோட்டார் வைத்து டேங்க் கட்டினார்கள். கீழக்கிணற்றை மூடினார்கள். திறப்பு விழாவில் சுதாராணிக்குச் சால்வை போர்த்தினார்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு அது சின்னப் பிழை. பெரிதாகத் தெரியச் சில வருடங்கள் வேண்டும்.

வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து வந்தேன். 2004இல் பிள்ளைகளின் பற்களில் வெள்ளைக் கோடு. 2006இல் பழுப்பு. போன மாதம் வெள்ளைத்தாய் என்ற பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவள் மகள் செல்வமாரிக்கு ஏழு வயது. இரண்டு முழங்காலும் இடித்துக்கொள்ள நடக்கிறாள்.

வெள்ளைத்தாய் செம்பை நீட்டினாள். "குடி தாயி. என்னமா இனிக்குது பாரு. நீங்கள்லாம் சோதிச்சுக் குடுத்த தண்ணில்லா."

"இப்பத்தான் குடிச்சிட்டு வாரேன்க்கா" என்றேன்.

"இவ காலு ஏன் இப்பிடிப் போகுதுன்னுதான் தெரியல. சாமிக்கு நேந்திருக்கேன்."

நல்லது என்று சொல்லிவிட்டு, குழந்தையைச் சுவரோரம் நிற்கவைத்து, முழங்கால்கள் சேர்ந்திருக்கும்போது கணுக்கால்களுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்தேன். பன்னிரண்டு சென்டிமீட்டர்.

என் நோட்டில் இருபத்தாறு குழந்தைகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு பெயரையும் அவர்களிடமே கேட்டு, அப்பா பெயரைத் தனியாக, தப்பில்லாமல் எழுதியிருக்கிறேன். இந்த வேலையை சுதாராணி இவ்வளவு கவனமாகச் செய்திருக்க மாட்டாள்.

மூன்றாம் தொகுதியில் பிழைதிருத்தம் ஒரு பக்கம் போடப்போவதாக எழுதியிருந்தீர்கள். சரியான அளவுகளையும் நோட்டின் நகலையும் இத்துடன் அனுப்புகிறேன். பிழையைக் கண்டுபிடித்துத் தந்தவரின் பெயரை அந்தப் பக்கத்தில் போடுவது வழக்கம் என்று அறிகிறேன்.

ஆவுடைத்தாய். அப்பா பெயர் வேண்டாம். அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை எனக்கு அனுப்பினால் எழுத்தைச் சரிபார்த்துத் தருகிறேன்.