முன்மொழிந்தவர்

— பேனா இந்தா. மூணு இடத்துல இன்டு மார்க் போட்டிருக்கு. கையெழுத்து போட்டுட்டா நான் கிளம்பிடுவேன்.

— இருண்ணா, படிச்சுக்கிறேன்.

— என்னம்மா புதுசா? ஆறு வருஷமா கம்பெனி டைரக்டரா இருக்கே, ஒரு நாளாவது படிச்சிருக்கியா?

— அதான் பண்ணின தப்பு. "கூட்டம் செவ்வாய்க்கிழமை காலை நடைபெற்றது"ன்னு இருக்கு. இன்னிக்குத் திங்கள்தானே?

— முன்னாடியே அடிச்சு வெச்சுக்கிறதுதான். போர்டுல ஒரு பொம்பளை இருக்கணும்னு சட்டம். வீட்டுப் பொண்ணு நீ இருக்கே. உனக்கும் கௌரவம், எனக்கும் நிம்மதி.

— "தொழிலாளர்களின் குழந்தைகள் காப்பகத்தை மூடும் தீர்மானம். முன்மொழிந்தவர்..." ஐயோ, என் பேரு!

— ஆமா. பொம்பளைங்க விஷயம்னா உன் பேர்லதான் போடுவோம். ஆம்பளைங்க மூடினா கூச்சல் போடுவாங்க. ஒரு பொம்பளையே சொல்லிட்டான்னா வாயைத் திறக்க முடியாதுல்ல?

— இப்பல்ல புரியுது! போன வாரம் பஸ்ல உன் தையல் செக்‌ஷன் பொண்ணு ஒருத்தி, தெருமுனை வீட்டுக்காரி, என் பக்கத்துல உக்கார மாட்டேன்னு எழுந்து நின்னா. பாத்ரூம் போறதுக்கு டோக்கன் கொண்டுவந்த மகராசி நான்தானாம். நோட்டீஸ் போர்டுல என் பேரோட ஒட்டியிருக்காம். நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சுண்ணா.

— அவ கிடக்கா, விடு. அந்தக் காப்பக ரூமை எடுத்தா பத்து மெஷின் போடலாம்.

— முப்பது குழந்தைங்களை எங்க போடுவாங்க?

— அடேயப்பா! வாயில்லாப் பூச்சின்னு நினைச்சேன் உன்னை. அது என்ன, பென்சில் கோடு? பேப்பரைக் கிறுக்காதே.

— நான் போடலை. ஃபைல் வரும்போதே இருந்துச்சு. நேத்து பூரா யார்கிட்ட இருந்துச்சு?

— எங்கயும் போகலை, எங்க வீட்டு மேஜைமேலதான் கிடந்தது. பேச்சை மாத்தாதே. போடறியா, மாட்டியா?

— மாட்டேன். நாளைக்குக் கூட்டத்துக்கு நானே வரேன். எனக்கு ஒரு நாற்காலி இருக்குல்ல அங்க?

— ஒண்ணும் வேண்டாம். ராஜினாமா எழுதிக் குடு. உன் அண்ணியைப் போட்டுக்கறேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் நீட்டின இடத்துல போடறவ. ஏன்னு ஒரு வார்த்தை கேட்டதில்லை.

— தாராளமா போடு. ஆனா இந்தக் கோட்டுக்குக் கீழ பொடிப்பொடியா எழுதியிருக்கிறதைப் படிச்சுட்டுப் போடு: "போட்டுடாதே, நாத்தனாரே."