கோழிப் படம் போட்ட பாட்டில்

சிவப்பு ஒயினைக் கால் மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுக் குடிப்பதில் தவறு ஒன்றும் இல்லை. கூடாது என்பவர்கள் புத்தகம் படித்துவிட்டுப் பேசுகிறார்கள். விலை குறைந்த இளம் ஒயினுக்கு லேசான குளிர்ச்சி நல்லதுதான் செய்யும்; அதன் முரட்டுத்தனம் சற்று அடங்கும். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், அம்மா. தட்டச்சுக்காரர் காகிதம் எடுக்கப் போயிருந்தபோது, அக்கா ஊரிலிருந்து வருகிறார், ஒரு பாட்டில் வாங்கி வைக்கலாம் என்றால் கடையில் போய் நின்றதும் தலை சுற்றுகிறது என்றீர்கள். விசாரணை அதிகாரி ஒருவர் என்னிடம் அப்படி வெளிப்படையாகக் கேட்டதை நான் மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் தட்டச்சு செய்துகொண்டே இருக்கட்டும். மற்றதும் இதற்குள்ளேயே வந்துவிடும்.

பாட்டிலின் கனத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அடியில் ஆழமான குழி, தங்க எழுத்து, கோட்டையின் படம், இவை எதுவும் வாய்க்குள் போவதில்லை. கடைக்காரர் கண்மட்டத்தில் அடுக்கி வைப்பது அவர் விற்க நினைப்பதை. கொஞ்சம் குனிந்து பாருங்கள். முழங்கால் உயரத்தில் யோக்கியமான ஒயின்கள் இருக்கும்.

பத்து வகை வாங்கிப் பத்திலும் வாய் வைக்காதீர்கள். மலிவான ஒன்றை எடுத்து அதையே மாதக்கணக்கில் குடியுங்கள். அதன் புளிப்பும் துவர்ப்பும் வீட்டு மனுஷர்களின் காலடிச் சத்தம்போல நாக்குக்குப் பழகிவிடும். பிறகு எதைக் குடித்தாலும், அது இதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று நாக்கே சொல்லும். இதை என் அப்பா எனக்குச் சொன்னார். நான் என் மாப்பிள்ளைக்குச் சொன்னேன். இந்த விஷயத்தில் நான் செய்த தவறு அது ஒன்றுதான்.

எங்கள் ருசிக்கூடத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் வந்த அன்று எல்லாம் கலைந்து கிடந்தது. சாதாரண நாளில் அது முதல் மாடியில் நீளமான ஒரு மேசை, மேலே வெள்ளைக் காகித விரிப்பு, ஆளுக்கு மூன்று கோப்பை, உப்பில்லாத ரொட்டி, தண்ணீர். இரண்டு பேருக்கு நடுவில் ஒரு பீங்கான் பாத்திரம். அது, வாயில் உருட்டி ருசி பார்த்த ஒயினைத் துப்புவதற்கு. நேரம் எப்போதும் காலை பதினொன்று. நாக்கு விழித்திருக்கும், வயிறு வம்பு பண்ணாது. வாசனைத் திரவியம் பூசி வந்தவர்களை என் அப்பா வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். ஒருமுறை நகர மேயரையே அனுப்பினார். கைகழுவும் தொட்டியில் கழுத்தைக் கழுவிக்கொண்டு மேயர் திரும்பி வந்தார். எங்கள் குடும்பத்தின் பேர் அப்படிப்பட்டது.

அப்பா தன் கடைசிக் காலத்தில் நானூறு பாட்டில்களை நிலவறையில் அடுக்கி, ஒவ்வொன்றின் வாயிலும் கறுப்பு மெழுகில் தன் முத்திரையை வைத்தார். அப்பா இருப்பு என்றே அதற்குப் பேர். ஆண்டுக்குச் சிலவற்றைத்தான் திறப்போம். அவர் போன பிறகு, பக்கத்து ரொட்டிக் கடைக்காரர் தன் அடுப்பை எங்கள் நிலவறைச் சுவரோடு ஒட்டிக் கட்டினார். நல்ல ரொட்டிதான். மூன்று ஆண்டுச் சூட்டில் நானூறு பாட்டிலும் புளித்துக் காடியாகிவிட்டது. திறந்து பார்த்தவன் நான் ஒருவன்தான்.

அப்பாவின் பேரில் ஊருக்குக் காடி ஊற்ற முடியுமா? நீங்களாக இருந்தாலும் செய்திருக்க மாட்டீர்கள். எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த கடையில், கோழிப் படம் போட்ட மலிவான சிவப்பு ஒயின் கிடைத்தது. முழங்கால் உயரத்தில். அதை வாங்கி அப்பாவின் பாட்டில்களில் நிரப்பி, தக்கை அடித்து, மெழுகு வைத்தேன். அப்பாவின் முத்திரைக் கட்டை என்னிடம்தான் இருந்தது. பதினோரு வருடம் இப்படி நடந்தது. கேட்டவர்களுக்குக் கொஞ்சம் விற்கவும் செய்தேன். தர மறுத்தால் சந்தேகம் வரும். குடித்துவிட்டுப் பழைய தோலின் மணம் என்றார் எங்கள் மேசைக்கு வருகிற பல் மருத்துவர். மழை நனைத்த கல் என்று எழுதிக் கொடுத்தார் பியானோ சுருதி சேர்க்கிற அம்மாள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருமுறை கண்கலங்கினார். ஆகவே மலிவான ஒயினைக் குறைவாக நினைக்க வேண்டாம் என்று நான் சொல்லும்போது அது சும்மா சொல்கிற ஆறுதல் இல்லை. அனுபவத்தில் சொல்கிறேன்.

என் மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். என் ஒரே மகள் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்ட ஆள். சட்டைப் பையில் ஸ்குரூடிரைவர் வைத்துக்கொண்டு எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் பந்தியில் உட்கார்ந்ததில்லை. இருந்தாலும் நான் முகத்தில் காட்டவில்லை. ஒயினைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர் வந்து கேட்டபோது, உங்களுக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னேன். மலிவாக ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அதையே குடியுங்கள். எதை என்று கேட்டார். வாயில் வந்த பேர் கோழிதான். அவர் கடைசி வரைக்கும் பழகப் போகிறார் என்று நான் நினைக்கவில்லை. மெக்கானிக்குகளுக்குச் சொன்னதைச் செய்து முடிக்கிற ஒரு குணம் உண்டு. ஒன்றரை வருடம் கோழியைத் தவிர வேறெதையும் அவர் வீட்டுக்குள் விடவில்லை என்று என் மகள் சொன்னாள்.

சென்ற ஆண்டுக் கூட்டத்தில் முதல்முறையாக மாப்பிள்ளைக்கு மேசையில் இடம் கொடுத்தேன். அப்பா இருப்பைத் திறந்தோம். எல்லோரும் கோப்பையைச் சுழற்றி, முகர்ந்து, வாயில் வைத்து உருட்டித் துப்பினார்கள். மாப்பிள்ளை துப்பவில்லை. பக்கத்தில் பாத்திரம் இருக்கிறது என்று சாடை காட்டினேன். என் காதருகே குனிந்தார்.

“உங்க முன்னாடி எப்படி மாமா துப்புறது?”

தெரியாதவர்கள் செய்கிற தவறு இது. துப்புவதுதான் அங்கே மரியாதை. இதை நான் பல தடவை விளக்கியும் அவர் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை. வேறு வீடுகளில் நடந்த கூட்டங்களில் துப்பினார் என்று கேள்வி. என் மேசையில் மட்டும் விழுங்கினார்.

அன்று விழுங்கிவிட்டுக் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சந்தோஷமாகச் சொன்னார்.

“மாமா, இது நம்ம கோழி மாதிரியே இருக்கு.”

“பசி வந்துருச்சு போல. மாப்பிள்ளைக்கு இலை போடுங்கப்பா” என்றார் பல் மருத்துவர். மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். மாப்பிள்ளை மட்டும் சிரிக்காமல் இன்னொரு வாய் குடித்தார்.

அதற்குப் பிறகு அவர் அவசரப்படவில்லை. நிலவறையின் சரக்கு லிஃப்டுக்கு எண்ணெய் போடுகிறேன் என்று இறங்கினார். அதன் குழியில் நான் போட்டுவைத்திருந்த காலி பாட்டில்களைப் பார்த்துவிட்டார். அத்தனையிலும் கோழி. மேலே வந்து கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். குரலை உயர்த்தவே இல்லை. அந்த ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

“மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த மாசம் ருசிக்கூடத்தை அவ கையில குடுக்கப்போறீங்க, வாசல் போர்டுல அவ பேரு ஏறப்போகுது. அதுக்கு முன்னாடி நீங்களே எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. தெரியாம அவ தலையில இதைக் கட்டாதீங்க.”

“சொல்லலைன்னா?”

“ஞாயித்துக்கிழமை அவகிட்ட நான் சொல்லிடுவேன். நீங்க சொல்றதா இருந்தா, பக்கத்துல நான் நிக்கிறேன் மாமா. யாரும் உங்களை ஒரு வார்த்தை பேச விடமாட்டேன்.”

ஒரு மெக்கானிக் பக்கத்தில் நின்று என் மானத்தைக் காப்பாற்றுவதாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அது செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை காலைக்கு ஒரு சிறு கூட்டம் வைத்து ஆட்களைக் கூப்பிட்டேன். அங்கேதான் சொல்லப்போகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பை நான் கெடுக்கவில்லை.

நான் கலந்த மருந்து எது, எவ்வளவு என்பதை உங்கள் ஆய்வகம் எழுதிக் கொடுத்துவிட்டது. நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஒரே பாட்டிலிலிருந்து ஏன் ஊற்றினேன், அவர் கோப்பையில் மட்டும் ஊற்றியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். எங்கள் மேசையில் அந்தப் பழக்கம் இல்லை. எல்லோருக்கும் ஒரு பாட்டில். மாப்பிள்ளைக்குத் தனியாக ஊற்றினால் பேதம் காட்டியதாகிவிடும்.

மற்ற எட்டுப் பேரைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை. ஏழு பேர் வருடக்கணக்கில் துப்புகிறவர்கள். நோட்டரியின் மனைவி ஒருவர்தான் புதிது. அவர் பக்கத்திலேயே நின்று, பாத்திரத்தை என் கையாலேயே அவர் மோவாய்க்கடியில் பிடித்தேன். வெட்கப்படாதீர்கள் அம்மா, முழுவதும் துப்புங்கள், பிறகு தண்ணீரால் கொப்பளியுங்கள் என்றேன். தொடங்குகிறவருக்கு இதைவிட யாரும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. பல் மருத்துவருக்கு இரண்டு நாள் நாக்கு மரத்துப்போயிருந்ததாம். பழக்கூடை அனுப்பி வைத்தேன்.

அன்று ஊற்றியது கோழி இல்லை. அது மெலிந்த ஒயின், எதையும் மறைக்காது. துவர்ப்பு மிகுந்த, கறுத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தேன். ஏழு பேரும் காரத்தைப் பற்றி, துவர்ப்பைப் பற்றிப் பேசினார்கள். நீதிபதி நல்ல வயதுடையது என்றார். மாப்பிள்ளை ஒரு வாய் விழுங்கிவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

“மாமா, இதுல வேற என்னமோ இருக்கு.”

அந்த அறையில் இருந்த ஒன்பது நாக்குகளில் அதைக் கண்டுபிடித்த ஒரே நாக்கு அது. உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த நேரம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நான் பழக்கிய நாக்கு.

“நல்லாப் பார்த்துச் சொல்லுங்க மாப்பிள்ளை” என்றேன்.

அவர் நிதானமாகக் கோப்பையைச் சுழற்றி, முகர்ந்து, இரண்டாவது வாய் எடுத்து, உருட்டி, விழுங்கினார். பாத்திரம் அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். நான் அப்போது நீதிபதிக்கு ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தேன். மருத்துவமனை வண்டி வர இருபது நிமிடம் ஆனது. நான்தான் தொலைபேசியில் கூப்பிட்டேன். ஆனால் நான் கூப்பிடவே பத்து நிமிடம் ஆகிவிட்டது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு, என் மகளின் கணவரை நான் திட்டமிட்டுக் கொன்றேன். யாரும் என்னைத் தூண்டவில்லை, யாரும் உதவவில்லை. இதில் எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், அம்மா. என் மகள் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள். இதன் நகல் அவள் கைக்குப் போகும் என்றீர்கள். கொலையைப் பற்றி எழுதியது அப்படியே இருக்கட்டும். அவள் தாங்கிக்கொள்வாள், என் ரத்தம். அப்பாவின் பாட்டில்களில் நான் எதை ஊற்றினேன் என்கிற பகுதியை மட்டும் நீக்கிவிட்டு, அந்தப் பக்கத்தைப் புதிதாகத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் தலைகுனியும்படி இதுவரை யாரும் எதுவும் செய்ததில்லை.