ஊசி இல்லாத வைத்தியம்

என் கணவர் தையல்காரர். ஆனால் வைத்தியர் போடும் ஊசி என்றால் அவருக்கு உயிரே போய்விடும். சிரியுங்கள் சார், பரவாயில்லை. நாங்களும் சிரித்திருக்கிறோம்.

காலில் ரத்தம் கட்டிக்கொண்டதால், ரத்தம் உறையாமல் இருக்க தினமும் வயிற்றில் ஓர் ஊசி போடச் சொல்லியிருந்தார் டாக்டர். நான்தான் போடுவேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "முடிஞ்சுதா, முடிஞ்சுதா?" என்பார். நான் அப்போதுதான் பஞ்சையே எடுத்திருப்பேன்.

எனக்கு மருந்து ஆய்வுக்கூடத்தில் வேலை. அந்த மருந்தை வாயால் விழுங்கினால் பலனில்லை, குடல் உள்ளே விடாது. கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டைகளில் பொதிந்து அனுப்பினால் சாப்பாடு என்று நம்பி உள்ளே விட்டுவிடும். இதை ஏழு வருடமாகச் சொல்கிறேன். "எலிக்கே வேலை செய்யல, விட்டுத் தள்ளும்மா," என்றார் மேலாளர். எலிக்கு என்ன தெரியும்?

அப்படி நானே பொதிந்த மருந்தை, பால்போல் வெள்ளையாக, ஒரு குப்பியில் வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

"இனிமே ஊசியே கிடையாது. டாக்டர் மாத்திட்டார். இதைக் குடிங்க போதும்."

அவர் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அளவைக் கூட்டிக்கொண்டே போனேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலர் தைக்கும்போது அவர் விரலில் ஊசி ஏறிவிட்டது. துணியால் அழுத்தினார், குழாயில் காட்டினார். யாருடைய வெள்ளைச் சட்டையோ பாழ். "என்னடி இது, நிக்கவே மாட்டேங்குது?" என்றார். நாற்பது நிமிடம் சார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சமையலறைக்குள் போய்க் குதித்தேன். சட்டைக்காரரிடம் நானே மன்னிப்புக் கேட்டேன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அத்தோடு அளவைக் குறைத்திருக்கலாம்தான். ஆனால் ஒரு தடவை நடந்தால் தற்செயல் என்பார் மேலாளர். இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அவர் கால் இடறி, மெஷின் மூலையில் தலையை இடித்துக்கொண்டார். சின்னக் காயம்தான். ஒரு மணி நேரத்தில் வாந்தி எடுத்தார், பேச்சு குழறியது. "தலை வலிக்குதுடி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்," என்றார்.

"இருங்க, இன்னும் பத்தே நிமிஷம்," என்றேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அவர் நாடித்துடிப்பை எழுதினேன். மொத்தம் பதினாறு குறிப்புகள். அவ்வளவு அழகான வரைபடத்தை நான் போட்டதே இல்லை. அதை அவருக்குத்தான் முதலில் காட்டினேன். அவர் பார்க்கவில்லை.

ரத்தத்தை மறுபடி உறைய வைக்கும் மாற்று மருந்தை முன்ஜாக்கிரதையாக நானே கொண்டுவந்து ஃபிரிட்ஜில் முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேனே, அதை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் சார். நியாயமான கேள்வி.

அது ஊசி மருந்து, சார். இனிமேல் ஊசியே கிடையாது என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.